வெடிப்பை அளந்துவிட்டுக் கடைக்குப் போவோம்



தோட்டங்களுக்கு நாங்கள் வரும்போது லயத்து வாசலிலும், கான் ஓரத்திலும், பிள்ளைக் காம்பராவுக்குப் போகிற கொங்கிறீட் பாதையிலும் வெடிப்புகளைப் பார்க்கிறோம். "இதை அடைக்க எவ்வளவு சாமான் வேணும்?" என்று கேட்டால், "ஒரு மூடை சீமெந்து போதுங்க" என்பதுதான் பெரும்பாலும் வருகிற பதில். மூடையும் வருகிறது. வெடிப்புக்குள் போவது ஒரு சின்ன வாளி. மீதி இஸ்தோப்பு மூலையில் கிடந்து, நம்ம மலைப்பக்கத்து ஈரத்தில் கல்லாகிப் போகிறது. இன்னொரு லயத்தில் நேர்மாறான கதை. ஒரு டின் தார் வாங்கி ஊற்றுவார்கள், பாதி வெடிப்பிலேயே தீர்ந்துவிடும். மற்றப் பாதி அடுத்த மழைக்கும் வாயைத் திறந்துகொண்டுதான் இருக்கும்.

பாதி அடைத்த வெடிப்பு அடைக்காத வெடிப்புதான். அந்தத் திறந்த வாய் வழியாகத் தண்ணீர் இறங்கி அடிமண்ணை அரித்துக்கொண்டு போகிறது. மேலே கொங்கிறீட் அப்படியே இருக்கும், அடியில் பொந்து. ஒருநாள் கொழுந்துக் கூடையோடு ஒருவர் கால் வைக்கும்போது அது உடைகிறது.

ஆகவே இந்த முறை அளவுக் கணக்கைப் படிப்போம். தரம் 6 பிள்ளை போடக்கூடிய கணக்குத்தான். வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால் அடிமட்டத்தையும் பென்சிலையும் அதன் கையில் கொடுத்துவிடுங்கள்.

முதலில் வெடிப்பைச் சுத்தம் செய்ய வேண்டும். இதைச் செய்யாமல் அளந்தால் கணக்கு முழுக்கப் பிழைத்துவிடும். உள்ளே கிடக்கிற மண், பாசி, புல்வேர், உதிர்கிற துண்டுகள் எல்லாவற்றையும் பழைய கத்தியாலும் கம்பியாலும் சுரண்டி எடுங்கள். சுரண்டுவதற்கு முன் 6 மில்லிமீற்றர் அகலம் இருந்த வெடிப்பு, சுரண்டிய பின் 10 மில்லிமீற்றர் ஆகிவிடலாம். அந்தப் 10தான் நமக்கு வேண்டிய அளவு.

இனி மூன்று அளவுகள். நீளத்துக்கு ஒரு நூலை எடுங்கள். வெடிப்பு பாம்பு மாதிரி வளைந்து போகும், அளவு நாடாவை நேராகப் பிடித்தால் குறைவாகத்தான் காட்டும். நூலை வெடிப்பின் வளைவோடு வைத்துக்கொண்டே போய், பிறகு நிமிர்த்தி மீற்றரில் அளக்கலாம். அகலத்தை ஓர் இடத்தில் பார்த்தால் போதாது. ஐந்து இடத்தில் அளந்து, கூட்டி, ஐந்தால் பிரியுங்கள். வெடிப்பு மேலே அகன்று கீழே ஒடுங்கியிருந்தால் நடு ஆழத்தில் உள்ள அகலத்தை எடுங்கள். ஆழத்துக்கு ஒரு மெல்லிய கம்பியை உள்ளே விட்டு, வெளிமட்டத்தில் நகத்தால் பிடித்து, வெளியே எடுத்து அளந்தால் சரி. அகலமும் ஆழமும் மில்லிமீற்றரில் இருக்கட்டும்.

இப்போது ஒரு வசதியைப் பாருங்கள். ஒரு மீற்றர் நீளம், ஒரு மில்லிமீற்றர் அகலம், ஒரு மில்லிமீற்றர் ஆழம் உள்ள வெடிப்பு சரியாக ஒரு மில்லிலீற்றர் பிடிக்கும். ஆகவே நீளத்தை மீற்றரிலும் மற்ற இரண்டையும் மில்லிமீற்றரிலும் வைத்து மூன்றையும் பெருக்கினால், வருகிற விடை மில்லிலீற்றர். வேறு எதாலும் வகுக்க வேண்டியதில்லை. டிஸ்பென்சரியில் பாணி மருந்துக்குத் தருகிற கரண்டி 5 மில்லிலீற்றர். அதை நினைத்துக்கொண்டால் அளவு மனதில் நிற்கும்.

ஒரு பாதையில் மூன்று வெடிப்புகள் என்று வைத்துக்கொள்வோம். முதலாவது 6 மீற்றர் நீளம். ஐந்து இடத்து அகலம் 8, 12, 10, 14, 6. கூட்டினால் 50, சராசரி 10. ஆழம் 20. ஆக 6 × 10 × 20 = 1200. இரண்டாவது 2.5 × 6 × 20 = 300. மூன்றாவது 4 × 15 × 25 = 1500. மொத்தம் 3000 மில்லிலீற்றர், அதாவது 3 லீற்றர். டின்னில் ஒட்டுவது, கரையில் வழிவது, கீழே சிந்துவது என்று நூற்றுக்கு 15 சேர்த்தால் கிட்டத்தட்ட மூன்றரை லீற்றர்.

"வெடிப்பு பாதையின் அடிவரைக்கும் போகுதே, அம்புட்டையும் ரொப்பணுமா?" என்று கேட்பீர்கள். வேண்டாம். நான்கு அங்குலத் தடிப்புள்ள கொங்கிறீட் என்றால் ஆழம் சுமார் 100 மில்லிமீற்றர். அந்த முதலாவது வெடிப்பை அடிவரைக்கும் தாரால் நிரப்பினால் 6 லீற்றர் போகும். கீழ்ப்பகுதியைக் காய்ந்த மணலால் இறுக்கி நிரப்பி, மேலே 20 மில்லிமீற்றர் மட்டும் விட்டால் 1.2 லீற்றர் போதும். இதில் காசு மிச்சம் என்பது ஒன்று. மேலே ஊற்றுவது அடியில் கொங்கிறீட்டோடு ஒட்டாமல் இரண்டு பக்கச் சுவரில் மட்டும் ஒட்டியிருந்தால், வெடிப்பு விரியும்போது அறுந்துபோகாமல் இழுபட்டுக் கொடுக்கும் என்பது மற்றது.

இந்த இழுபடும் குணத்தை வைத்துத்தான் எந்தச் சாமான் வாங்குவது என்று முடிவு செய்ய வேண்டும். வெயிலும் குளிரும் படுகிற கொங்கிறீட் நீண்டு சுருங்கும். 10 மீற்றர்ப் பாதை, பகல் வெயிலுக்கும் இரவுக் குளிருக்கும் இடையே 20 பாகை வித்தியாசம் வந்தால் சுமார் 2 மில்லிமீற்றர் மாறும். சீமெந்து இழுபடாது. அதனால் வெளிப்பாதை வெடிப்பில் பூசிய சீமெந்து சில மாதத்தில் பக்கத்திலேயே மீண்டும் பிளந்து நிற்கிறது. பூசியவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. வெளியே தார் அல்லது குழாயில் வருகிற அடைப்புப் பசை நல்லது. வீட்டுக்குள்ளே, இஸ்தோப்புத் தரையில், அசையாத வெடிப்புக்குச் சீமெந்துக் கலவை போதும்.

ஒவ்வொன்றுக்கும் கணக்குக் கொஞ்சம் மாறும். காய்ச்சி ஊற்றுகிற தார் லீற்றருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ, ஆகவே நம் பாதைக்கு மூன்றரைக் கிலோ. ஆனால் காய்ச்சுகிற வேலையைப் பழகியவர்களிடம் விட்டுவிடுங்கள், பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள். தோலில் பட்டால் பிய்த்து எடுக்காமல், குளிர்ந்த தண்ணீரை 20 நிமிடம் ஊற்றிவிட்டு டிஸ்பென்சரிக்குப் போக வேண்டும். சூடாக்காமல் ஊற்றுகிற இமல்ஷன் தாரில் ஏமாந்து போகிறவர்கள் அதிகம். அதில் பத்துப் பங்கில் சுமார் ஆறு பங்குதான் தார், மற்றது தண்ணீர். காய்ந்ததும் தண்ணீர் போய்விடும், வெடிப்பு குழி விழுந்து நிற்கும். ஆகவே 3 லீற்றர் வெடிப்புக்கு 3ஐ 0.6 ஆல் பிரித்து 5 லீற்றர், சிந்துவதையும் சேர்த்தால் 6 லீற்றர் வரை வேண்டும். அதையும் ஒரே தடவையில் ஊற்றாமல், காயவிட்டு இரண்டு மூன்று தடவை ஊற்றுங்கள். குழாய்ப் பசைக்கு எவ்வளவு ஆழம் வேண்டும் என்று குழாயிலேயே போட்டிருக்கும். அது தாருக்கு விடுகிற ஆழத்தைவிடக் குறைவாகத்தான் இருக்கும். அந்த ஆழத்தை வைத்துப் பெருக்கி, குழாயில் உள்ள மில்லிலீற்றரால் பிரித்தால் எத்தனை குழாய் என்று தெரியும்.

சீமெந்து ஒன்றுக்கு மணல் மூன்று என்று கலந்தால், ஒரு லீற்றர் வெடிப்புக்கு அரைக்கிலோ சீமெந்தும் ஒரு லீற்றர் மணலும் போதும். 3 லீற்றருக்கு ஒன்றரைக் கிலோ. 50 கிலோ மூடையை நினைத்துப் பாருங்கள்! ஒரு வீட்டுக்காக மூடை வாங்குவதைவிட, லயத்தில் உள்ள எல்லா வீடுகளும் அளந்து, கணக்கை ஒன்றாகக் கூட்டி, ஒரே நாளில் சிரமதானமாகச் செய்வதுதான் எங்களுக்குச் சரியாகப் படுகிறது. நல்ல வெயில் தொடர்ந்து இருக்கிற நாளாகப் பாருங்கள். ஈர வெடிப்பில் தாரும் பசையும் ஒட்டாது.

அளவுக் கொப்பிக்கு இன்னொரு பயன் உண்டு. ஆபீசுக்குப் போய், "ஐயா, பாதை எல்லாம் வெடிச்சுப் போச்சு" என்றால் "பார்ப்போம்" என்று பதில் வரும். "மேல் லயத்துப் பாதையில் மூன்று வெடிப்பு, பன்னிரண்டரை மீற்றர், மூன்றரைக் கிலோ தார் வேணும்" என்று எழுதிக் கொடுத்தால், அந்தத் தாளை ஒதுக்கி வைப்பது அவ்வளவு சுலபமில்லை.

கடைசியாக, அடைக்கக் கூடாத வெடிப்பைப் பற்றி. அளக்கும்போதே இதைக் கண்டுபிடிக்க வேண்டும். வெடிப்பின் ஒரு கரை மற்றக் கரையைவிடத் தாழ்ந்திருக்கிறதா? பாதையைத் தாண்டி, கானைத் தாண்டி, தேயிலை மலைக்குள்ளும் அதே கோட்டில் போகிறதா? போன மழைக்கு முன் 10 மில்லிமீற்றர் என்று கொப்பியில் எழுதியது இப்போது 18 ஆகிவிட்டதா? கதவு திடீரென்று இறுகுகிறதா, மரங்கள் சாய்கின்றனவா, இல்லாத இடத்தில் ஊற்று வருகிறதா? அப்படியானால் கொங்கிறீட்டில் இல்லை கோளாறு. மலையே நகரத் தொடங்கியிருக்கலாம். அதைச் சீமெந்தால் பூசினால், நமக்குக் கிடைத்த அடையாளத்தை நாமே மறைத்தது போலாகும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்த இடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை அதற்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது.

சந்தேகமான வெடிப்பின் இரண்டு கரையிலும் பெயிண்டால் ஒவ்வொரு புள்ளி வைத்து, பக்கத்தில் திகதியை எழுதி, இடைவெளியை அளந்து வையுங்கள். மழைக்காலத்தில் தினமும் பாருங்கள். இடைவெளி கூடினால் தோட்ட ஆபீசுக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் உடனே சொல்லி, தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தார் வந்து பார்க்கும்படி கேளுங்கள். மழை விடாமல் கொட்டும்போது கூடினால் யாருடைய பதிலுக்கும் காத்திருக்க வேண்டாம். பிள்ளைகளையும் வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு முதலில் லயத்தை விட்டு வெளியேறுங்கள். பிறகு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஆம் இலக்கத்துக்கு அழைத்து, தோட்டத்தின் பெயர், டிவிசன், லயத்தின் இலக்கம், இடைவெளி எத்தனை மில்லிமீற்றர் கூடியிருக்கிறது என்பவற்றைச் சொல்லுங்கள்.