துப்பாக்கிக்குத் தனிப் பெட்டி, பயணத்துக்கு வேறு பை

எக்ஸ்ரே பெல்ட் நின்றது. திரையைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் கையைத் தூக்கி இன்னொருவரைக் கூப்பிட்டார். அண்ணாச்சிக்கு அப்போதுகூட உறைக்கவில்லை. தண்ணீர் பாட்டிலை எடுக்க மறந்துவிட்டோம் என்றுதான் நினைத்திருக்கிறார். நெல்லைப் பக்கத்திலிருந்து வந்து இருபது வருஷத்துக்கு மேலாக டெக்ஸாஸில் பெட்ரோல் பங்க்கும் அதையொட்டிக் கடையும் நடத்துகிறவர். இரவு கடை பூட்டும்போது கல்லாப் பணத்தோடு கைத்துப்பாக்கியையும் லேப்டாப் பையின் பின் அறையில் வைத்துக்கொள்வது வழக்கம். மறுநாள் விடிகாலையில் விமானம். அதே பையில் சார்ஜரையும் மாத்திரை டப்பாவையும் திணித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

துப்பாக்கி உரிமம் கையில் இருந்ததால் டெக்ஸாஸ் போலீஸ் அவரைக் கைது செய்யவில்லை. உரிமம் உள்ளவர் தெரியாமல் கொண்டுவந்து, சொன்னதும் வெளியேறிவிட்டால் விட்டுவிட அந்த மாநிலத்தில் 2015 முதல் சட்டம் இருக்கிறது. ஆனால் விமானம் போய்விட்டது. சில மாதம் கழித்து விமான நிலையப் பாதுகாப்பை நடத்தும் டி.எஸ்.ஏ.விடமிருந்து ஆயிரக்கணக்கான டாலர் அபராதக் கடிதம் வந்தது. மாநிலம் மன்னித்தாலும் மத்திய அரசின் அபராதம் தனியாக வரும் என்பதை அவர் அன்றுதான் தெரிந்துகொண்டார்.

அண்ணாச்சி தனி ஆள் இல்லை. 2023-ல் மட்டும் அமெரிக்க விமான நிலையச் சோதனை வாயில்களில் 6,737 துப்பாக்கிகள் பிடிபட்டன. ஒரு நாளைக்குப் பதினெட்டு. நூற்றுக்கு 93-ல் தோட்டா நிரப்பியிருந்தது. அட்லாண்டாவில் 451, டாலஸ் ஃபோர்ட் வொர்த்தில் 378. கேட்டால் பெரும்பாலோர் சொல்லும் பதில் "மறந்துவிட்டேன்" என்பதுதான். அதை நான் நம்புகிறேன். இந்தக் கட்டுரையும் மறதிக்கு எதிராகத்தான் எழுதப்படுகிறது.

உங்களுக்கு அனுமதி உண்டா

பெட்டி, பூட்டு பற்றிப் பேசுவதற்கு முன் ஒரு கேள்வி. நீங்கள் என்ன விசாவில் இருக்கிறீர்கள்? எச்1பி, எல்1, எஃப்1, சுற்றுலா விசா என்று தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கவே அமெரிக்க மத்திய சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருப்பதுபோன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. கிரீன் கார்டுக்காரர்களுக்கு இந்தத் தடை இல்லை. ஆனால் துப்பாக்கி தொடர்பான குற்றத்தில் தண்டனை பெற்றால் கிரீன் கார்டு இருந்தாலும் நாடு கடத்த அதுவே காரணமாகலாம். குடியுரிமை பெற்ற ஒருவருக்குப் பண நஷ்டத்தோடு முடிகிற மறதி, நம்மில் பலருக்குக் குடும்பத்தையே ஊர் திரும்ப வைக்கக்கூடியது. சந்தேகம் இருந்தால் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டு மேலே படியுங்கள்.

எக்ஸ்ரேயை நம்பாதீர்கள்

"போன தடவை இதே பையோடுதான் போனேன், ஒன்றும் ஆகவில்லை" என்று யாராவது சொன்னால், பை சுத்தமாக இருந்தது என்று அதற்கு அர்த்தம் இல்லை. 2015-ல் அரசாங்கமே வேஷம் போட்ட ஆட்களை அனுப்பிச் சோதித்தபோது, 70 முயற்சிகளில் 67-ல் போலி வெடிபொருளும் ஆயுதமும் சோதனை வாயிலைத் தாண்டிப் போயின. செய்தி வெளியானதும் டி.எஸ்.ஏ.வின் தற்காலிகத் தலைவரை மாற்றினார்கள். 2019 ஜனவரியில் அட்லாண்டாவில் ஏறிய ஒரு பயணி, கைப்பையில் துப்பாக்கியோடு டோக்கியோ நரிட்டா வரை போய் இறங்கினார். துப்பாக்கிச் சட்டம் அவ்வளவு கடுமையாக உள்ள நாடு ஜப்பான். போகும்போது கண்ணில் படாதது திரும்பும்போது படும். புறப்பட்ட ஊரில் தப்பியது இன்னொரு நாட்டுச் சட்டத்தின் கையில் சிக்கும். ஆகவே கடைசிச் சோதனை உங்கள் கையால், உங்கள் வீட்டில் நடக்க வேண்டும்.

எப்படி? பயணத்துக்கு முந்தைய நாள், பகல் வெளிச்சத்தில், கட்டிலில் ஒரு வெள்ளை விரிப்பைப் போடுங்கள். கையில் கொண்டுபோகும் பையைத் தலைகீழாகக் கொட்டுங்கள். ஒவ்வொரு ஜிப்பையும் திறந்து உள்ளே விரலை விட்டுத் தடவுங்கள். தையல் பிரிந்த மூலை, குடை வைக்கும் பக்கவாட்டு அறை, அடிப்பலகைக்குக் கீழே எல்லாவற்றையும் பாருங்கள். துப்பாக்கி மட்டுமில்லை, தோட்டா, மேகசின், போல்ட், ஃபயரிங் பின் எதுவும் கைப்பையில் இருக்கக் கூடாது. குழந்தையின் பொம்மைத் துப்பாக்கிகூட கூடாது. குறிபார்க்கும் ஸ்கோப்பை மட்டும் எடுத்துப்போகலாம். இதைவிட நல்ல வழி, துப்பாக்கி ஒருமுறை தங்கிய பையைப் பயணத்துக்கு எடுக்காமலே இருப்பது.

பெட்டி கட்டுவது

துப்பாக்கி போக வேண்டிய இடம் செக்-இன் லக்கேஜ், அதுவும் கெட்டியான ஓடுள்ள, பூட்டக்கூடிய பெட்டிக்குள். வாங்கும்போது துப்பாக்கியோடு வந்த பிளாஸ்டிக் பெட்டி பெரும்பாலும் போதாது. பூட்டிய பிறகு மூலையைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். ஒரு விரல் நுழையும் அளவு வாய் பிளந்தால் அது பூட்டிய பெட்டி ஆகாது. பூட்டுக்கென்று எத்தனை துளை இருக்கிறதோ அத்தனையிலும் பூட்டுப் போடுங்கள்.

எந்தப் பூட்டு என்பதில் குழப்பம் உண்டு. டி.எஸ்.ஏ. அதிகாரிகள் தங்கள் பொதுச் சாவியால் திறக்கக்கூடிய சூட்கேஸ் பூட்டுக்கும் விதியில் தடை இல்லை. ஆனால் அதே விதி, பெட்டியின் சாவியோ எண்ணோ பயணியிடம் மட்டுமே இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அந்தப் பொதுச் சாவிகளின் படம் ஒரு பத்திரிகையில் வெளியாகி, 2015-ல் முப்பரிமாண அச்சில் யாரும் செய்துகொள்ளும் நிலைக்கு வந்துவிட்டது. நான் சாதாரண கனமான பூட்டையே சிபாரிசு செய்வேன். சாவியைப் பையில் போடாமல் உங்கள் சட்டைப்பையில் வைத்திருங்கள், அதிகாரி திறக்கச் சொன்னால் உடனே கொடுக்கலாம்.

இனி தோட்டாவை இறக்குவது. அவசரமில்லாத நேரத்தில், குழந்தைகள் இல்லாத அறையில் செய்யுங்கள். குழல் யார் பக்கமும் திரும்பாமல் இருக்கட்டும். விரல் விசையைத் தொடவே கூடாது. முதலில் மேகசினைக் கழற்றுங்கள். பிறகு ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து, சேம்பரில் இருக்கும் தோட்டா வெளியே விழுகிறதா பாருங்கள். இந்த வரிசை மாறினால், சேம்பரைக் காலி செய்த கையோடு மேகசின் அடுத்த தோட்டாவை உள்ளே தள்ளிவிடும். "காலி என்று நினைத்தேன்" என்கிற கதைகள் பல இங்கேதான் பிறக்கின்றன. ஸ்லைடைத் திறந்தபடி நிறுத்திக் கண்ணால் பாருங்கள், பிறகு சுண்டுவிரலை விட்டுத் தொட்டுப் பாருங்கள். ரிவால்வராக இருந்தால் உருளையைத் திறந்து ஒவ்வொரு துளையிலும் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். வீட்டில் இன்னொருவர் இருந்தால் அவரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

தோட்டாவை உதிரியாகப் போடக் கூடாது. கடையில் வாங்கிய அட்டைப்பெட்டி போதும், பிளாஸ்டிக், மரம், உலோகப் பெட்டியும் சரி. துப்பாக்கி இருக்கும் அதே பூட்டிய பெட்டியில் இதையும் வைக்கலாம். பல விமான நிறுவனங்கள் ஓர் ஆளுக்கு 5 கிலோ வரைதான் ஏற்கும். இருவர் பங்கைச் சேர்த்து ஒரே பெட்டியில் கட்ட முடியாது. வீட்டிலேயே தோட்டா தயாரிக்கும் பழக்கம் உள்ளவர்கள் கருமருந்தையும் தீக்கேப்பையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். இரண்டுக்கும் எந்த லக்கேஜிலும் இடமில்லை.

கவுன்ட்டரில்

வழக்கத்தைவிட முக்கால் மணி நேரம் முன்னால் போங்கள். ஊழியர் இருக்கும் செக்-இன் கவுன்ட்டருக்கே போக வேண்டும். அங்கே என்ன வார்த்தை சொல்கிறீர்கள் என்பது முக்கியம். "என்னிடம் துப்பாக்கி இருக்கிறது" என்று ஆரம்பித்தால் பக்கத்து வரிசையே திரும்பிப் பார்க்கும். "செக்-இன் லக்கேஜில் தோட்டா இறக்கிய துப்பாக்கி ஒன்றை அறிவிக்க வேண்டும்" என்று நிதானமாகச் சொல்லுங்கள். நாம் நினைப்பதைவிட அவர்களுக்கு இது பழக்கமான வேலை.

ஒரு சீட்டு தருவார்கள். துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று கையெழுத்திட வேண்டும். அந்தச் சீட்டு பெட்டிக்கு உள்ளே போக வேண்டியது. துப்பாக்கி இருப்பதைக் காட்டும் எந்த அடையாளத்தையும் வெளியே ஒட்டச் சொல்லக் கூடாது என்று மத்திய சட்டமே தடுக்கிறது. திருடனுக்கு முகவரி எழுதிக் கொடுத்தது போலாகிவிடும் அல்லவா? புதிய ஊழியர் தெரியாமல் வெளியே ஒட்ட வந்தால் மரியாதையாக மேலாளரை அழைக்கச் சொல்லுங்கள். பிறகு பெட்டி சோதனையைக் கடக்கும்வரை அந்த இடத்திலேயே நில்லுங்கள். கூப்பிட்டால் சாவியோடு நீங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். திரும்பி வரும் பயணத்திலும் மறுபடி அறிவிக்க வேண்டும், போகும்போது சொன்னது வரும்போதைக்குச் செல்லாது.

இத்தனைக்கும் பிறகு கைப்பையில் துப்பாக்கி இருப்பது சோதனை வாயிலில் தெரியவந்தால்? கையைப் பைக்குள் விடாதீர்கள், பை பக்கமே கையை நீட்டாதீர்கள். 2021 நவம்பர் 20 அன்று அட்லாண்டாவில் ஒருவர், தொடாதே என்று அதிகாரி எச்சரித்தும் பாய்ந்து பைக்குள் கையை விட்டார். துப்பாக்கி வெடித்தது. கூட்டம் சிதறி ஓடியதில் சிலருக்குக் காயம், விமானங்கள் நிறுத்தப்பட்டன. ஆகவே இரண்டு கையும் வெளியே தெரிய நில்லுங்கள், போலீஸ் வரட்டும். அபராத உச்சத்தை 2022 டிசம்பரில் 14,950 டாலர் ஆக்கினார்கள், பிறகும் அது ஏறியிருக்கிறது. சோதனையைச் சீக்கிரம் கடக்க உதவும் ப்ரீசெக் வசதியும் குறைந்தது ஐந்து வருஷத்துக்குப் போய்விடும். அங்கேயே வாதாடி எதையும் மாற்ற முடியாது. வழக்கறிஞரிடம் பேசிக்கொள்ளலாம்.

நெவார்க்கில் ராத்தங்கியவர்

உங்கள் மாநிலத்தில் செல்லும் உரிமம் போகிற மாநிலத்தில் செல்லும் என்று நினைக்காதீர்கள். டெக்ஸாஸ் உரிமத்தை நியூயார்க்கும் கலிஃபோர்னியாவும் ஏற்பதில்லை. நியூயார்க், நியூஜெர்சி, கலிஃபோர்னியா மூன்றிலும் பத்துத் தோட்டாவுக்கு மேல் பிடிக்கும் மேகசினே குற்றம். நியூயார்க்கில் கைத்துப்பாக்கி வைத்திருக்க அந்த மாநில உரிமமே வேண்டும்.

வழியில் கடந்து மட்டும் போகிறவர்களுக்கு 1986-ல் வந்த மத்திய சட்டம் பாதுகாப்புத் தருகிறது. புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் உங்களுக்கு அனுமதி இருந்து, துப்பாக்கி காலியாக, கைக்கெட்டாமல் பூட்டியிருந்தால் இடையில் உள்ள மாநிலம் தடுக்க முடியாது. ஆனால் 2005-ல் யூட்டா மாநிலத்துக்காரர் ஒருவருக்கு நடந்ததைக் கேளுங்கள். நியூஜெர்சியிலுள்ள நெவார்க் வழியாகப் பென்சில்வேனியா போக வேண்டியவர் அடுத்த விமானத்தைத் தவறவிட்டார். லக்கேஜை வாங்கிக்கொண்டு விமான நிலைய ஓட்டலில் ஒரு ராத்திரி தங்கினார். காலையில் கவுன்ட்டருக்கு வந்து, விதிப்படி துப்பாக்கியை அறிவித்தார். கைது செய்துவிட்டார்கள். வழக்கு பின்னால் கைவிடப்பட்டது, ஆனால் அவர் தொடுத்த எதிர்வழக்கில் 2010-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு எதிராகவே தீர்ப்புச் சொன்னது. ஓட்டலில் பெட்டி அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்துவிட்டதால் அந்தப் பாதுகாப்பு போய்விட்டது என்பது காரணம். எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்த மனிதர் அவர். இதைப் படித்தபோது எனக்கு மனசு ஆறவில்லை.

ஆகவே டிக்கெட் எடுக்கும்போதே நியூயார்க், நியூஜெர்சி வழியாகப் போகாத விமானமாகப் பாருங்கள், நூறு டாலர் கூடுதலானாலும் சரி. மாட்டிக்கொண்டுவிட்டால் பெட்டியை வாங்காதீர்கள். விமான நிறுவனத்தின் பொறுப்பிலேயே இருக்கட்டும் என்று கேளுங்கள். முடியாதென்றால், பெட்டியைத் தொடும் முன்பே விமான நிலையப் போலீஸிடம் போய் நிலைமையைச் சொல்லுங்கள். அந்தத் தீர்ப்பிலேயே இந்த வழி சொல்லப்பட்டிருக்கிறது.

சேருமிடத்தில் இறங்கியதும் நேராகப் பெட்டி வரும் இடத்துக்குப் போங்கள். சில நிறுவனங்கள் பிளாஸ்டிக் பட்டையால் கட்டி, அலுவலகத்தில் அடையாள அட்டை பார்த்துத்தான் கொடுக்கும். 2017 ஜனவரியில் ஃபோர்ட் லாடர்டேலில் ஒருவன், முறைப்படி அறிவித்துக் கொண்டுவந்த பெட்டியை வாங்கி, அங்கேயே தோட்டா நிரப்பி ஐந்து பேரைக் கொன்றான். இந்தக் கெடுபிடி ஏன் என்று எரிச்சலாக இருந்தால் அதை நினைத்துக்கொள்ளுங்கள். விமான நிலையத்துக்குள் பெட்டியைத் திறக்கவே வேண்டாம்.

சென்னைக்குப் போகும்போது

துப்பாக்கியை இந்தியாவுக்குக் கொண்டுபோக யாரும் நினைக்க மாட்டார்கள். ஆனால் ஒற்றைத் தோட்டா போய்விடும். உரிமமில்லாமல் ஒரு தோட்டா வைத்திருப்பதும் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். விமான நிலையத்தில் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையினர் கண்டுபிடித்தால் போலீஸில் ஒப்படைப்பார்கள், வழக்கு பதிவாகும். இருப்பது தெரிந்தே வைத்திருந்தாரா என்பதைத்தான் நம் நீதிமன்றங்கள் பார்க்கின்றன. மறந்துபோனவர்கள் மீதான இத்தகைய வழக்குகள் பலவற்றை உயர் நீதிமன்றங்கள் ரத்து செய்திருக்கின்றன. ஆனால் அதற்கு முன் பயணம் நின்றுபோகும், ஊருக்கும் கோர்ட்டுக்கும் அலைய வேண்டியிருக்கும்.

போன கோடையில் மகனின் முதுகுப்பையை விரிப்பில் கொட்டினேன். பள்ளித் துப்பாக்கி சுடும் குழுவோடு பயிற்சிக்குப் போகும்போது அவன் கொண்டுபோகும் பை. பென்சில், சூயிங்கம் காகிதம், ஒரு பழைய பேருந்துச் சீட்டு. காலி என்று மடிக்கப்போனபோது அடித்தையலில் என்னவோ உருண்டது. விரலை விட்டுத் தள்ளினேன். பட்டாணி அளவு அகலம், அரை விரல் நீளம், பளபளவென்று ஒரு பாயிண்ட் இருபத்திரண்டு தோட்டா வெள்ளைத் துணியில் வந்து விழுந்தது. நான்கு நாளில் சென்னை விமானம். அந்தப் பை இப்போது கராஜ் ஆணியில் தொங்குகிறது. மகனுக்கு அன்று சாயங்காலமே வேறு பை வாங்கினோம்.