மௌனப் பக்கவாதம்: கதிர் அரிவாள் செல் நோயும் நம் வகுப்பறையும்

சென்ற ஆண்டு வரை நன்றாகப் படித்த குழந்தை, இந்த ஆண்டு சொன்னதை மறந்துவிடுகிறது. கரும்பலகையில் உள்ளதை எழுதி முடிக்க அதிக நேரம் எடுக்கிறது. அடிக்கடி விடுப்பு, வந்த நாளிலும் தண்ணீர் குடிக்கவும் சிறுநீர் கழிக்கவும் அனுமதி கேட்கிறது. ‘கவனக்குறைவு’ என்று நாம் எண்ணிவிடலாம். ஆனால் அக்குழந்தைக்குச் சிக்கிள் செல் எனப்படும் கதிர் அரிவாள் செல் நோய் இருந்தால், காரணம் மூளையில் இருக்கக்கூடும்.

நோயின் இயல்பு

உயிரியல் பாடத்தில் நாம் நடத்தும் செய்திதான் இது. ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலத்திற்குப் பதிலாக வாலின் அமர்கிறது. இதனால், ஆக்சிஜன் குறையும்போது சிவப்பணுக்கள் அரிவாள் போல் வளைந்து விறைத்து, நுண்ணிய இரத்தக் குழாய்களை அடைக்கின்றன. 120 நாள்கள் வாழவேண்டிய அணுக்கள் 10 முதல் 20 நாள்களில் சிதைகின்றன. கடும் வலி, இரத்த சோகை, கண்களில் மஞ்சள் நிறம் ஆகியவை இதன் விளைவுகள். இது மரபுவழி நோய்; தொற்றாது.

நீலகிரிப் பழங்குடியினரிடையே இந்த அணுக்கள் இருப்பதை லேமன், கட்புஷ் என்னும் ஆய்வாளர்கள் 1952-இல் வெளியிட்டனர். 2047-க்குள் இந்நோயை ஒழிக்கும் தேசிய இயக்கம் 2023 ஜூலையில் தொடங்கப்பட்டது. எனவே மலைப்பகுதிப் பள்ளிகளிலும் உண்டு உறைவிடப் பள்ளிகளிலும் பணியாற்றும் ஆசிரியர்கள் இதை அவசியம் அறிந்திருக்க வேண்டும்.

ஆய்வுகள் கூறுவது

மூளைக்குச் செல்லும் குழாய் அடைபட்டால் குழந்தைக்கும் பக்கவாதம் வரும். கை கால் செயலிழக்காமல், மூளையின் சிறு பகுதி மட்டும் பாதிக்கப்படுவதும் உண்டு. இதுவே மௌனப் பக்கவாதம். நோயின் கடுமையான வகை உள்ள குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கு எம்.ஆர்.ஐ. படத்தில் இது தெரிகிறது. வெளியே தெரிவது நினைவாற்றல், கவனம், வேகம் ஆகியவற்றின் குறைவு மட்டுமே. அதை முதலில் காணக்கூடியவர் ஆசிரியர்.

இதைத் தடுக்க முடியும் என்பது நம்பிக்கையூட்டும் செய்தி. தலையின் இரத்த ஓட்ட வேகத்தை டாப்ளர் கருவியால் அளந்து, ஆபத்து மிகுந்த 130 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்து நடத்திய அமெரிக்க ஆய்வு 1998-இல் வெளிவந்தது. தொடர்ந்து இரத்தம் ஏற்றப்பட்ட 63 பேரில் ஒருவருக்கே பக்கவாதம் வந்தது. வழக்கமான சிகிச்சை பெற்ற 67 பேரில் 11 பேருக்கு வந்தது. ஏற்கெனவே மௌனப் பக்கவாதம் கண்ட 196 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2014-இல் வெளியானது. இரத்தம் ஏற்றப்பட்டோரில் 6 விழுக்காட்டினருக்கும், ஏற்றப்படாதோரில் 14 விழுக்காட்டினருக்கும் மூளைப் பாதிப்பு மீண்டும் ஏற்பட்டது. ஹைட்ராக்சியூரியா மாத்திரையும் இன்று பல குழந்தைகளின் வலியைக் குறைக்கிறது.

வகுப்பறையில் நாம் செய்ய வேண்டியவை

• தண்ணீர் குடிக்கவும் கழிப்பறை செல்லவும் எப்போது கேட்டாலும் அனுமதியுங்கள். இவர்களின் சிறுநீரகம் நீரைச் சேமிக்க இயலாதது. உடலில் நீர் குறைந்தால் வலி வரும்.

• குளிரில் கம்பளிச் சட்டை அணிய விடுங்கள். வெயிலில் நீண்ட நேரம் ஓடவிடாதீர்கள்; விளையாட்டிலிருந்து முற்றிலும் ஒதுக்கவும் வேண்டாம்.

• 101 டிகிரி காய்ச்சல், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி ஆகியவை அவசர நிலைகள். இவர்களின் மண்ணீரல் செயலிழப்பதால் கிருமித்தொற்று விரைவில் உயிருக்கு ஆபத்தாகும். பெற்றோர் வரும்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

• வாய் கோணுதல், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, திடீர்க் கடும் தலைவலி கண்டால் உடனே 108-ஐ அழையுங்கள்.

• படிப்பில் புதிதாகச் சரிவு தெரிந்தால், தேதியுடன் குறித்துப் பெற்றோர் வழியே மருத்துவரிடம் சேர்ப்பியுங்கள். தேர்வில் கூடுதல் நேரம், சிறு சிறு பகுதிகளாகப் பாடம், விடுப்பு நாள்களின் குறிப்புகள் ஆகியவை அக்குழந்தைக்குப் பெரிதும் உதவும்.

• நோயின் பெயரை வகுப்பில் அறிவிக்காதீர்கள்.

மருத்துவர் அக்குழந்தையை எப்போதோ ஒரு முறை காண்கிறார்; நாம் அன்றாடம் காண்கிறோம். ‘ஏன் எழுதவில்லை?’ என்று கடிந்துகொள்வதற்கு முன், ‘உடம்புக்கு என்னம்மா செய்கிறது?’ என்று கேட்போம். அந்தக் கேள்வி ஒரு குழந்தையின் மூளையைக் காக்கக்கூடும்.