சீறும் பாம்பும் பழகும் கையும்

மூன்றாம் ஆண்டு, விலங்கியல்

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பது பழமொழி. படை நடுங்குவது இருக்கட்டும். அந்தப் பாம்பும் நம்மைக் கண்டு நடுங்குகிறது என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள் கோயிலுக்குச் செல்லும் சாலையின் இருமருங்கிலும் இன்று தொழிற்சாலைகள் நிற்கின்றன. ஏரியும் கழனியும் புதர்க்காடுமாக இருந்த நிலத்தில்தான் அவை எழுந்தன. ஆனால் அங்கிருந்த பாம்புகள் எல்லாம் ஊரைவிட்டுப் போய்விடவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் வளைகளுக்குள் நீர் புகுந்தால், மதிற்சுவர் ஓரம், சரக்குக் கொட்டகை, தொழிலாளர் குடியிருப்பு என்று மேட்டிடம் தேடி வருகின்றன. வந்தவற்றை நாம் அடித்துக் கொல்கிறோம். அடிக்கப் போய்க் கடிபட்டவர்களும் உண்டு. ஆகவே, சீறும் பாம்பை அமைதிப்படுத்துவது எப்படி என்பது வேடிக்கைக் கேள்வியன்று. நம் பகுதிக்கு வேண்டிய பாடமே ஆகும்.

பாம்பு ஏன் சீறுகிறது?

பாம்புக்குக் கையில்லை, காலில்லை, ஓடி ஒளிய வேகமும் அதிகமில்லை. அதன் எதிரிகளான கழுகும் மயிலும் மேலிருந்து பாய்கின்றன; கீரி எதிர்நின்று தாக்குகிறது. எனவே தன்னைவிடப் பெரிய உருவம் எதுவாயினும் அதனைத் தின்ன வந்த பகையாகவே பாம்பு கருதும். முதலில் அசையாமல் கிடக்கும். அடுத்து விலகிச் செல்லப் பார்க்கும். வழி அடைபட்டால்தான் மிரட்டும். நல்லபாம்பு கழுத்தெலும்புகளை விரித்துப் படமெடுக்கும். கண்ணாடி விரியன் குக்கர் ஆவி விடுவதுபோல் ஓசை எழுப்பும். சுருட்டை விரியன் உடற்செதில்களை ஒன்றோடொன்று உரசி 'சரசர'வென ஒலிக்கும். கடிப்பது இவை அனைத்திற்கும் பின்னரே. நஞ்சு அதற்கு இரை பிடிக்கும் கருவி. அதை நம்மேல் வீணாக்க அது விரும்புவதில்லை.

சீற்றம் என்பது கோபமன்று, அச்சமே என்பது இதனால் விளங்கும். அச்சத்தைப் போக்கினால் சீற்றமும் போகும்.

நான் கற்ற பாடம்

பிளஸ் டூ படிக்கும்போது எங்கள் ஊர் ஏரிக் கலங்கலில் ஒரு தண்ணீர்ப் பாம்பைப் பிடித்து, பழைய மீன் தொட்டியில் விட்டு வைத்தேன். இதற்கு நஞ்சில்லை, ஆனால் முன்கோபி. கழுத்தைத் தட்டையாக்கி நல்லபாம்பைப்போல் மிரட்டும். கையை உள்ளே விட்டபோதெல்லாம் என்னைக் கடித்தது. ஒரே நாளில் மூன்று முறை கடிபட்டேன். என் தந்தையார் அதைக் கண்டு கொதித்தார். அவரைப் பெற்ற என் ஆயா, நான் பிறப்பதற்கு முன்பு, தரையில் படுத்துறங்கும்போது கட்டுவிரியன் தீண்டி இறந்தவர். "ஆயாவைக் கொன்ன சாதியை வீட்டுக்குள்ள வச்சு வளர்க்கிறியா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

எங்கள் ஊரில் பாம்பு பிடிப்பதையே தொழிலாகக் கொண்டிருந்த இருளர் பெரியவர் ஒருவரிடம் சென்று முறையிட்டேன். அவர் தொட்டியைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"தம்பி, அதுக்கும் பயம், உனக்கும் பயம். நாலு பக்கமும் கண்ணாடி. ஒளிய ஒரு இடம் இல்ல. அது கடிக்காம என்ன செய்யும்?"

"அப்போ என்ன செய்யணும் தாத்தா?"

"மொதல்ல ஒரு சட்டிய கவுத்து வை. ஒரு வாரம் அது பக்கமே போவாத."

உடைந்த மண்சட்டி ஒன்றைக் கவிழ்த்து வைத்தேன். பாம்பு அதற்குள் புகுந்துகொண்டது. எட்டாம் நாள் அவரே வந்து காட்டினார். கையை மேலிருந்து கொண்டுபோகாமல் பக்கவாட்டில் மெதுவாகக் கொண்டுபோனார். தலையைத் தொடவில்லை. நடு உடலின் அடியில் விரல்களைக் கொடுத்துத் தூக்கினார். பிடிக்கவில்லை, தாங்கினார் என்பதே சரி. பாம்பு ஒரு விரலிலிருந்து மறு விரலுக்கு, கிளைவிட்டுக் கிளை செல்வதுபோல் ஊர்ந்தது. இரண்டு நிமிடங்களில் மீண்டும் சட்டிக்குள் விட்டுவிட்டார்.

நாள்தோறும் அவ்வாறே செய்தேன். இரண்டு வாரத்திற்குள் அது கடிப்பதை நிறுத்தியது. நான் பூரித்துப்போனேன். ஆனால் பெரியவர், "பழகிடிச்சுல்ல? இப்ப கொண்டுபோய் ஏரில உட்டுடு" என்றார். எனக்கு மனம் வரவில்லை. "உன்ன நம்பி அது சும்மா இருக்கு. அந்த நம்பிக்கைக்கு நீ என்ன செய்யப் போற?" என்று கேட்டார். மறுநாள் விடியலில் பிடித்த இடத்திலேயே விட்டுவிட்டேன். நம் நாட்டுப் பாம்புகளை வீட்டில் அடைத்து வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதைப் பின்னர்தான் அறிந்தேன்.

பழக்கத்தின் இலக்கணம்

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சோளப் பாம்பு, பந்துமலைப் பாம்பு போன்ற நஞ்சற்ற இனங்களைப் பலர் வீட்டில் வளர்க்கின்றனர். அவர்கள் கைக்கொள்ளும் விதிகளைப் படித்தபோது, பெரியவர் கூறியவற்றையே அவற்றில் கண்டு வியந்தேன். அவற்றைத் தொகுத்துத் தருகிறேன்.

1. புதிய இடத்திற்கு வந்த பாம்பை ஓரிரு வாரம் தொடக்கூடாது. ஒளிந்துகொள்ள இருட்டான மறைவிடம் வேண்டும்.

2. இரை உண்டபின் இரண்டு நாட்களுக்குக் கையில் எடுக்கலாகாது. எடுத்தால் இரையைக் கக்கிவிடும்.

3. சட்டை உரிக்கும் காலத்தில் அதன் கண் நீலம் பாய்ந்து மங்கிவிடும். பார்வை குன்றிய நிலையில் எதைக் கண்டாலும் அஞ்சும். அப்போது விட்டுவிட வேண்டும்.

4. கொக்கியால் முதலில் மெல்லத் தொட்டு உணர்த்த வேண்டும். வருவது இரையன்று என்பது அதற்குப் புரியும்.

5. இறுகப் பிடிக்கக்கூடாது. உடல் முழுவதையும் தாங்க வேண்டும். சில நிமிடங்களில் தொடங்கி, நாளடைவில் நேரத்தைக் கூட்டலாம்.

இவ்வாறு பழகிய பாம்பு நம்மிடம் அன்பு கொண்டுவிட்டது என்று எண்ணுவது பிழை. தீங்கு தராத ஒன்று திரும்பத் திரும்ப நேரும்போது, உயிரினம் அதற்கு அஞ்சுவதை விட்டுவிடுகிறது. விலங்கியலில் இதனைப் பழக்கப்படுதல் என்கிறோம். நாய் வாலாட்டுவதுபோல் பாம்பு நன்றி காட்டாது. அஞ்சாமல் இருப்பதே அது நமக்குத் தரும் மதிப்பு. பல் பிடுங்கிய பாம்பு என்று ஒரு வழக்கு உண்டு. பாம்பாட்டியின் கூடையில் நஞ்சுப்பல் பிடுங்கப்பட்டுக் கிடக்கும் நல்லபாம்பிடம் நாம் காண்பது அமைதியன்று, தோல்வி.

வடநெம்மேலி காட்டும் வழி

இருளர் மக்கள் ஒரு காலத்தில் தோலுக்காகப் பாம்பு பிடித்து வாழ்ந்தனர். 1972ஆம் ஆண்டுச் சட்டமும், 1976இல் வந்த தோல் ஏற்றுமதித் தடையும் அந்தத் தொழிலை நிறுத்தின. கிண்டியில் பாம்புப் பண்ணையை உருவாக்கிய ரோமுலஸ் விட்டேகரின் முயற்சியால், 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. மாமல்லபுரத்திற்கு அருகே வடநெம்மேலியில் அது இயங்குகிறது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் வனத்துறையின் அனுமதியோடு பிடித்து வருகின்றனர். மணல் பரப்பிய மண்பானைக்குள் விட்டு, வாயைத் துணியால் கட்டி வைக்கின்றனர். பானையின் இருட்டும் குளிர்ச்சியும் பாம்பை அடக்குகின்றன. எனக்குச் சொல்லப்பட்ட சட்டி வைத்தியமும் இதுவே! வாரம் ஒருமுறையாகச் சில வாரங்கள் நஞ்செடுத்தபின், வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டு மீண்டும் காட்டில் விடுகின்றனர். நம் நாட்டில் பாம்புக்கடி மருந்து செய்யத் தேவைப்படும் நஞ்சில் பெரும்பகுதி இங்கிருந்தே செல்கிறது.

செங்கல்பட்டு மாவட்டம் சென்னேரியைச் சேர்ந்த மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017இல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அழைக்கப்பட்டு, முதல் இரு வாரங்களிலேயே 13 மலைப்பாம்புகளைப் பிடிக்க உதவினர். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

ஓர் எச்சரிக்கை

இதைப் படித்துவிட்டு எவரும் பாம்பின்மேல் கை வைத்தல் ஆகாது. நஞ்சுப் பாம்பு எத்தனை நாள் பழகினாலும் அதன் நஞ்சு குறைவதில்லை. தேர்ந்த கைகளும் கடிபட்டு மடிந்திருக்கின்றன. 2000 முதல் 2019 வரையிலான 20 ஆண்டுகளில் இந்தியாவில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்ததாக ஆய்வு ஒன்று மதிப்பிட்டுள்ளது. கடிபட்டால் இறுகக் கட்டுவதோ, கீறுவதோ, வாயால் உறிஞ்சுவதோ கூடாது. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் 108 ஊர்தியில் அரசு மருத்துவமனைக்கு விரைய வேண்டும். பாம்பு வீட்டுக்குள் வந்தால் தீயணைப்புத் துறையை 101இல் அழைக்கலாம்.

முடிவுரை

சென்ற மழைக்காலத்தில் ஒரு மாலை, எங்கள் வீட்டையடுத்து ஒப்பந்தத் தொழிலாளர்கள் தங்கியுள்ள வரிசை வீடுகளின் குளியலறைக்குள் பாம்பொன்று புகுந்துவிட்டது. வடமாநில இளைஞர்கள் தடிகளோடு கூடிவிட்டனர். எல்லாருக்கும் முன்னே தடியோடு நின்றவர் என் தந்தையார். "அப்பா, எல்லாரும் தள்ளி நிப்போம். பின்கதவு மட்டும் திறந்திருக்கட்டும்" என்று கெஞ்சினேன். அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு தடியைத் தாழ்த்தி, மற்றவர்களையும் பின்னுக்கு வரச்சொன்னார். பத்து நிமிடம் எவரும் அசையவில்லை. ஒரு நீண்ட சாரைப்பாம்பு மெல்லத் தலை நீட்டி, திறந்த வழியாக வெளியேறிப் புதருக்குள் மறைந்தது.

"போவட்டும் விடு" என்றார் அப்பா. ஆயாவைப் பற்றி அன்று அவர் ஒன்றும் பேசவில்லை.

பாம்பை அமைதிப்படுத்தும் கலையில் பாதி, நம்மை அமைதிப்படுத்திக்கொள்வது. மறுபாதி, அதற்கு ஒரு வழி விடுவது. கையில் எடுத்துப் பழக்குவது சிலருக்கே உரிய திறன். வழிவிடுவது நம் அனைவராலும் இயலும்.