கத்திரி வெயிலும் மாடித் தோட்டத்துத் தண்ணீரும்

எங்கள் கீழ்வீட்டுக்கு மார்ச்சில் குடிவந்த இளம் தம்பதி, மொட்டை மாடியில் பதினாறு பைகள் வைத்திருக்கிறார்கள். தக்காளி, கத்திரி, வெண்டை, மிளகாய், ஒரு பீர்க்கங்கொடி, ஆசைக்கு ஒரு ரோஜா. ஏப்ரல் வரை எல்லாம் தளதளவென்று இருந்தன. மே பிறந்ததும் இருவரும் என் வாசலில் வந்து நின்றார்கள். “பாட்டி, இந்த வெயிலுக்கு ஒரு நாளைக்கு எத்தனை தடவை தண்ணி ஊத்தணும்?” சென்னையில் முப்பது வருஷமாக மாடியில் செடி வளர்க்கிறேன், புதிதாகத் தொடங்கும் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி இதுதான். அந்தக் கேள்வியை விட்டுவிடச் சொல்வதற்கே இவ்வளவும் எழுதவேண்டியிருக்கிறது.

1. தடவைக் கணக்கு வேண்டாம். ஆள்காட்டி விரலை மண்ணுக்குள் இரண்டு கணு ஆழம் விடுங்கள். உள்ளே ஈரம் தட்டுப்பட்டால் பூவாளியைக் கீழே வைத்துவிட்டு அடுத்த தொட்டிக்குப் போங்கள். மேல்மண் ஒரு மணி நேர வெயிலில் வெளுத்துவிடும், அதை நம்பக்கூடாது. சின்னத் தொட்டியாக இருந்தால் தூக்கிப் பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ கனம். நன்றாக ஊற்றியதும் ஒருமுறை, காய்ந்ததும் ஒருமுறை தூக்கிப் பார்த்தால் பத்தே நாளில் கைக்குப் பழகிவிடும். அதற்குமேல் விரல்கூடத் தேவைப்படாது.

2. மத்தியானம் இலை தொங்கினால் பதறாதீர்கள். பீர்க்கு, சுரை, பூசணி போன்ற அகல இலைக் கொடிகள் உச்சி வெயிலில் துவளத்தான் செய்யும். வேர் உறிஞ்சுகிற வேகத்தைவிட இலை ஆவியாக விடுகிற வேகம் அதிகமாகிவிடுகிறது; மண் சேறாக இருந்தாலும் அப்படித்தான். சாயங்காலம் ஆறு மணிக்குப் போய்ப் பாருங்கள். நிமிர்ந்திருந்தால் செடிக்கு ஒரு குறையும் இல்லை. அப்போதும் தொங்கினால், அல்லது விடிகாலையிலேயே தொங்கினால், விரலை விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் தாகம். ஈரமாக இருந்தால் வேர் அழுகத் தொடங்கிவிட்டது என்று சந்தேகப்படவேண்டும்.

இதைப் பட்டுத்தான் கற்றேன். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. அந்த வாரம் முழுக்க, தொங்கிய பீர்க்கங்கொடிக்கு நான் மூன்று வேளையும் தண்ணீர் ஊற்றினேன், குழந்தைக்குப் பால் புகட்டுகிற மாதிரி. ஜூன் முதல் வாரத்தில் தண்டின் அடி கறுத்து, கொடி கையோடு வந்தது. வேரில் நாற்றம். மண்ணில் காற்று இருக்கவேண்டிய இடத்தையெல்லாம் தண்ணீர் அடைத்துக்கொண்டால் வேருக்கு மூச்சு முட்டும். வெயிலிலிருந்து காப்பாற்றப் போய் நானே கொன்றேன்.

3. ஊற்றுவது என்று முடிவானால் வயிறு நிறைய ஊற்றுங்கள். அரைச் சொம்பு தெளித்துவிட்டு வந்தால் மேல் இரண்டு அங்குலம்தான் நனையும். வேரும் அந்த இரண்டு அங்குலத்திலேயே சுற்றிக்கொண்டு மறுநாள் வெயிலில் வெந்துபோகும். அடித்துளையில் கொஞ்சம் தண்ணீர் எட்டிப் பார்க்கும்வரை, மெதுவாக, இரண்டு தவணையாக ஊற்றவேண்டும்.

இதில் ஒரு ஏமாற்று இருக்கிறது. தேங்காய் நார்த்தூள் கலந்த பை ஒருமுறை அறவே காய்ந்துவிட்டால் கலவை சுருங்கி, பையின் ஓரத்தில் இடைவெளி விழும். ஊற்றிய தண்ணீர் அந்தச் சந்து வழியாக ஓடி அடியில் வெளியே வந்துவிடும். நீங்கள் நிறைந்துவிட்டது என்று நினைப்பீர்கள், நடுவில் வேர் காய்ந்து கிடக்கும். அப்படியானால் பையை ஒரு அகலப் பாத்திரத்துத் தண்ணீரில் அரை மணி நேரம் உட்கார வையுங்கள். தூக்க முடியாத பையென்றால் குச்சியால் நாலைந்து இடத்தில் குத்திவிட்டு, கால் மணி இடைவெளியில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள்.

4. நேரம் விடிகாலை. ஏழு மணிக்குள் முடித்துவிடவேண்டும். சின்னத் தொட்டிகளுக்குச் சாயங்காலமும் தேவைப்படலாம். அதற்கும் விரல்தான் நீதிபதி. மாலையில் இலையை நனைக்காமல் அடியில் மட்டும் ஊற்றுங்கள். ராத்திரி முழுக்க ஈரமாக இருக்கும் இலையில் பூஞ்சை ஏறும்.

5. குழாயைத் திறந்து முதலில் உங்கள் கையில் விட்டுப் பாருங்கள். மாடியில் வெயிலில் கிடக்கும் ஹோஸுக்குள் நிற்பது கிட்டத்தட்ட வெந்நீர். மூன்று மணிக்குத் தொட்டித் தண்ணீரும் அப்படித்தான். உங்கள் கை பொறுக்காததை வேர் எப்படிப் பொறுக்கும்?

6. மண் தொட்டி தன் சுவர் வழியாகவே வியர்க்கும். உள்ளே குளுமை, ஆனால் சீக்கிரம் காயும். பிளாஸ்டிக் தொட்டி ஈரத்தைப் பிடித்துவைக்கும், கறுப்பாக இருந்தால் வெயிலையும் சேர்த்துப் பிடிக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒரே அளவு ஊற்றுவது அநியாயம்.

7. தண்ணீர் தேடுவதற்கு முன் இருப்பதைக் காப்பாற்றுங்கள். மண்ணின் மேல் இரண்டு அங்குலம் காய்ந்த சருகோ தேங்காய் மட்டை நாரோ மூடாக்காகப் போடுங்கள். தண்டை ஒட்டிப் போடவேண்டாம். தொட்டிகளைச் சுடும் தளத்தில் நேரடியாக வைக்காமல் இரண்டு செங்கல் மேல் ஏற்றுங்கள். எட்டு எட்டாக நெருக்கி வைத்தால் ஒன்றுக்கொன்று நிழல். ஐம்பது சதவீத நிழல்வலை கட்ட வசதியிருந்தால் கட்டுங்கள். இல்லையென்றால் பழைய வேட்டி போதும், எனக்குப் பல கோடை அதில்தான் ஓடியது.

8. போர் தண்ணீர்க்காரர்கள் தொட்டியின் விளிம்பைப் பாருங்கள். வெள்ளையாகப் படிந்திருப்பது உப்பு. தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு மண்ணிலேயே தங்கும். இலை நுனி பழுப்பாகக் கருகும். அதைத் தாகம் என்று நினைத்து அதே தண்ணீரை இன்னும் ஊற்றுவார்கள். நல்ல தண்ணீர் கிடைக்கிற நாளில் அடித்துளை வழியாக நிறைய ஓடும்படி ஊற்றிக் கழுவிவிடுங்கள். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளுகிற தண்ணீரைச் செடிக்கு விடுவது சிக்கனம் என்று நினைக்கிறார்கள். வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது, வாசல் கழுவ வைத்துக்கொள்ளுங்கள். அரிசி கழுவிய தண்ணீர் தாராளமாக ஊற்றலாம். 2019 கோடையில் செம்பரம்பாக்கம் ஏரி வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த வருஷம், என் கறிவேப்பிலையும் நாலு மிளகாய்ச் செடியும் பிழைத்தது அந்தக் கழுநீரில்தான். மற்றவற்றை நானே பிடுங்கிப் போட்டேன்.

9. தக்காளிக் காயின் அடிப்பாகம் கறுத்துக் குழிந்தால் மருந்துக் கடைக்கு ஓடாதீர்கள். பெரும்பாலும் ஒரு நாள் வறட்சி, மறுநாள் வெள்ளம் என்று ஊற்றியதன் விளைவு. தண்ணீரோடு சேர்ந்துதான் சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போகிறது. தண்ணீர் தடைப்பட்டால் அதுவும் தடைப்படும்.

10. காய்ந்த மண்ணில் உரம் வேண்டாம். முதலில் தண்ணீர், பிறகு உரம். கத்திரி வெயிலில் உரமே இல்லாவிட்டாலும் குடிமுழுகாது.

11. ஊருக்குப் போகும்போது எல்லாத் தொட்டிகளையும் சுவர் நிழலில் ஒன்றாகச் சேர்த்து, மூடாக்கைக் கனமாக்கி, புறப்படும் காலையில் நிறைய ஊற்றிவிட்டுப் போங்கள். அதிகம் போனால் இரண்டு நாள் தாங்கும். அதற்கு மேல் யாரிடமாவது சொல்லத்தான் வேண்டும். போன வருஷம் எதிர்வீட்டுப் பையனிடம் “தினமும் ஊத்துப்பா” என்று சொல்லிவிட்டுக் கல்யாணத்துக்குப் போனேன். சொன்ன சொல் தவறாமல் காலையும் மாலையும் ஊற்றியிருக்கிறான், நடுவில் இரண்டு நாள் கோடை மழை கொட்டியும். இந்த வருஷம் அவனுக்குக் காகிதத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்: முதலில் விரலை விடு. ஈரமாக இருந்தால் ஒன்றும் செய்யாதே, இறங்கிப் போய் விளையாடு.