பச்சை மனிதரின் இலையுதிர்காலம்

அன்புள்ள நண்பருக்கு,

டைப் ஓ நெகட்டிவ் என்ற கோத்திக் மெட்டல் குழுவின் 'அக்டோபர் ரஸ்ட்' ஆல்பத்தைப் பற்றி நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. கோபமாகத்தான் எழுதியிருந்தீர்கள். அந்தக் கோபம் எனக்குப் பிடித்திருந்தது. பிடிக்காத பாட்டை நாலு விநாடியில் தள்ளிவிட்டுப் போகிற காலத்தில், எழுபது நிமிடத்துக்கும் மேல் ஓடுகிற ஆல்பத்தை நீங்கள் முழுதாக உட்கார்ந்து கேட்டிருக்கிறீர்கள். கேட்டு முடித்த பிறகு, அட்டையில் பெயர் போட்டிருக்கும் டிரம்மர் அதில் வாசிக்கவே இல்லை, எல்லாம் இயந்திரத்தில் அமைத்த தாளம் என்று தெரிந்து மனம் விட்டுப்போயிருக்கிறது. "டிரம்ஸே பொய் என்றால் சோகம் மட்டும் எப்படி நிஜமாகும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கு நின்று பதில் சொல்லியாக வேண்டும்.

முதலில் உண்மையை ஒப்புக்கொண்டுவிடுவோம். 1993இல் 'பிளடி கிஸஸ்' ஆல்பம் வெளிவந்த சமயத்தில் டிரம்மர் சால் அப்ரூஸ்காட்டோ குழுவை விட்டு விலகினார். குழுவின் டிரம்ஸைப் பராமரித்து வந்த ஜானி கெல்லி அவர் இடத்துக்கு வந்தார். மேடைகளில் வாசித்தார். 1996 ஆகஸ்டில் 'அக்டோபர் ரஸ்ட்' வந்தபோது அவர் பெயரும் படமும் அதில் இருந்தன. ஆனால் தாளம் இயந்திரத்தினுடையது. கெல்லியே இதைப் பின்னாளில் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். ஸ்டூடியோவில் அவர் கை வாசித்த தாளத்தைக் கேட்க 2007இல் வந்த 'டெட் அகெய்ன்' வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அட்டையில் இதைச் சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் சொன்னால் நான் மறுக்கமாட்டேன்.

ஆனால் இயந்திரத் தாளம் என்பதாலேயே அது உயிரில்லாதது என்ற உங்கள் வாதம் கோத்திக் இசையின் வரலாற்றோடு ஒத்துப்போகவில்லை. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்து 'சிஸ்டர்ஸ் ஆஃப் மெர்சி' குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். கோத்திக் ராக்குக்கு முகவரி கொடுத்தவர்களில் அவர்களும் உண்டு. அவர்கள் பெயர்பெற்ற காலத்தில் மனித டிரம்மரே கிடையாது. இருந்தது ஒரு டிரம் இயந்திரம். அதற்கு டாக்டர் அவலாஞ்ச் என்று பெயர் வைத்து, குழு உறுப்பினராகவே நடத்தினார்கள். அசைந்துகொடுக்காத அந்தத் தாளத்தின் மேல் ஆழமான ஆண் குரல் ஒன்று மெல்ல நகர்கிறபோது பிறக்கிற குளிர்ச்சிதான் இந்த இசையின் அடிப்படை. 'அக்டோபர் ரஸ்ட்' அந்த வழியில் வந்தது. மெட்டலில் பொதுவாக டிரம்மர்தான் பாட்டை முதுகில் கைவைத்துத் தள்ளுவார். இங்கே யாரும் தள்ளுவதில்லை. தாளம் சாலை மாதிரி கிடக்கிறது. நடப்பது குரல்.

'லவ் யூ டு டெத்' பாட்டை இன்னொரு தடவை போட்டுக் கேளுங்கள். பியானோ மட்டும் ஒலித்துத் தொடங்குகிறது. பிறகு கென்னி ஹிக்கியின் கிட்டார் வருகிறது. கம்பிகளையெல்லாம் வழக்கமான சுருதியைவிட வெகுவாகத் தளர்த்தி, 'ஈ'யிலிருந்து 'பி'வரை இறக்கி வைத்திருப்பார்கள். அதனால் ஒவ்வொரு மீட்டலும் தரையை ஒட்டி உருண்டு வருகிறது. அதன்மேல் ஜோஷ் சில்வரின் கீபோர்டு. பாடகர் பீட்டர் ஸ்டீலின் பேஸ் கிட்டாரைத் தனியாகக் கவனித்துப் பாருங்கள். பெரும்பாலான குழுக்களில் பேஸ் பின்னால் எங்கோ புதைந்து கிடக்கும். இவர் அதை டிஸ்டார்ஷன், கோரஸ் என்ற ஒலி விளைவுகளில் செலுத்தி, கரகரப்பும் அலையும் சேர்ந்த ஒரு குரலாக்கி முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறார். அதற்குப் பிறகு அவருடைய சொந்தக் குரல் வருகிறது. அடிவயிற்றிலிருந்து எழும்பி, பாடுவதற்கும் பேசுவதற்கும் நடுவில் தங்கிவிடுகிற குரல். ஏழு நிமிடப் பாட்டில் அவர் ஒரு இடத்திலும் அவசரப்படுவதில்லை. தாளம் அசையாமல் நிற்பதால்தான் அவரால் இப்படித் தாமதிக்க முடிகிறது. துடிப்பான டிரம்மர் ஒருவர் இங்கே வாசித்திருந்தால் இந்தப் பாட்டு வேறு பாட்டாகியிருக்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

இத்தனையும் ஒலியைப் பற்றியது. உங்கள் கேள்வியின் உயிர் துக்கம் நிஜமா என்பதில் இருக்கிறது. அதற்கு இரண்டு பாட்டுகளைக் காட்டுகிறேன்.

ஒன்று, 'கிரீன் மேன்'. பீட்டர் ஸ்டீல் புரூக்ளினில் பிறந்து வளர்ந்தவர். இசை சோறு போடத் தொடங்கும்வரை நியூயார்க் நகரப் பூங்காத் துறையில் வேலை பார்த்தார், குப்பை லாரி ஓட்டினார். ஆறரை அடிக்கும் மேல் உயரமான மனிதர், பச்சைச் சீருடையில். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் அவரைப் பச்சை மனிதர் என்றே கூப்பிட்டார்கள். அந்த வேலைக்காலத்தைத்தான் அந்தப் பாட்டு பாடுகிறது. பச்சை மனிதன் என்பது ஐரோப்பாவின் பழைய உருவமும்கூட; இங்கிலாந்தின் தேவாலயத் தூண்களில் இலைகளுக்கு நடுவிலிருந்து எட்டிப்பார்க்கும் கல்முகம். லாரி ஓட்டிய தொழிலாளியும் அந்தக் கல்முகமும் இந்தப் பாட்டில் ஒரே ஆளாகிவிடுகிறார்கள். பருவங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடக்க, பாடுகிறவர் இலையுதிர்காலத்தையே மண்டியிட்டு வணங்குகிறார்.

இதில் நான் மிகவும் மதிப்பது ஒன்று உண்டு. இலையுதிர்காலத்தைப் பற்றி எழுதாத கோத்திக் குழு கிடையாது. சுற்றிப் பார்க்க வருகிறவருக்கு அது வண்ணம். பூங்காத் தொழிலாளிக்கு அது கூட்டி அள்ளி லாரியில் ஏற்ற வேண்டிய சுமை. ஈர இலையின் எடை அவருக்குத் தெரியும். அந்தச் சுமையைச் சுமந்த மனிதர் அந்தப் பருவத்தை நேசிப்பதாகப் பாடும்போது நான் அதை நம்புகிறேன். 'உல்ஃப் மூன்', 'இன் பிரெய்ஸ் ஆஃப் பாக்கஸ்' என்று ஆல்பம் முழுக்க நிலவும் காடும் பழைய தெய்வங்களும் நிறைந்திருக்கின்றன. வேறு குழு செய்திருந்தால் இவை வெறும் ஜோடனையாகப் போயிருக்கும். 'கிரீன் மேன்' நடுவில் நிற்பதால் இவற்றுக்கெல்லாம் வேர் கிடைத்துவிடுகிறது.

இன்னொன்று, 'ரெட் வாட்டர்'. கிறிஸ்துமஸ் பாட்டு. ஸ்டீல் கத்தோலிக்கக் குடும்பத்துக் கடைசிப் பிள்ளை, ஐந்து அக்காக்கள். அந்த மாதிரி வீட்டில் கிறிஸ்துமஸ் இரவுச் சாப்பாடு எத்தனை நெரிசலாக இருந்திருக்கும்! இந்த ஆல்பத்துக்குச் சற்று முன்புதான் அவருடைய தந்தை காலமானார். பாட்டில் மேஜை போட்டிருக்கிறது, பண்டிகை வந்திருக்கிறது, உட்காருகிறவர்களின் எண்ணிக்கைதான் ஒரே வருடத்தில் குறைந்துவிட்டது. அவர் கதறவில்லை. நாற்காலிகளைக் கணக்குப் பார்க்கிறார், அவ்வளவுதான். வீட்டில் ஒருவரைப் பறிகொடுத்த பிறகு வருகிற முதல் பண்டிகையைக் கடந்தவர்களுக்கு அந்தக் கணக்கு என்னவென்று விளக்க வேண்டியதில்லை. இந்தப் பாட்டுக்கு அடியில் ஓடுவது இயந்திரமா மனிதனா என்ற கேள்வி எனக்கு எழுந்ததே இல்லை.

உங்கள் அடுத்த குற்றச்சாட்டு, ஆல்பத்தின் தொடக்கத்தில் அவர்கள் செய்த குறும்பைப் பற்றியது. முதல் தடமான 'பேட் கிரவுண்ட்', நாற்பது விநாடிகூட இல்லாத வெறும் இரைச்சல். ஒயர் சரியாகப் பொருந்தாமல் ஸ்பீக்கர் உறுமுகிற மாதிரி ஒலி. நீங்கள் கைபேசியில் கேட்டதால் ஃபைல் கெட்டுவிட்டது என்று நினைத்திருக்கிறீர்கள். 1996இல் சிடி வாங்கிப் போட்டவர்கள் ஸ்பீக்கருக்குப் பின்னால் குனிந்து ஒயரைத் தடவிப் பார்க்கட்டும் என்றே அதை வைத்தார்கள். அடுத்த தடத்தில் நால்வரும் சிரித்துக்கொண்டே வணக்கம் சொல்கிறார்கள். சோகமான ஆல்பத்தில் இது எதற்கு என்கிறீர்கள். எனக்கு இது சாவு வீட்டுத் திண்ணையில் கேட்கிற சிரிப்பு. உள்ளே அழுதுவிட்டு வந்தவர்கள்தான் வெளியே சிரிக்கிறார்கள்.

ஆல்பத்தில் குறையே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. 'மை கேர்ள்ஃப்ரெண்ட்ஸ் கேர்ள்ஃப்ரெண்ட்' மற்ற பாட்டுகளின் எடைக்கு முன்னால் நிற்காது. நீல் யங்கின் 'சின்னமன் கேர்ள்' பாட்டை எடுத்து இவர்கள் பாணியில் கனமாக்கியிருப்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அதை எடுத்துவிட்டாலும் ஆல்பத்துக்கு ஒன்றும் ஆகாது. வின்லாண்ட் என்ற கற்பனை நாட்டைப் பற்றிய, நீண்ட பெயர் கொண்ட ஒரு நிமிடத் துண்டும் அப்படியே. ஆனால் 'ஹான்டட்' பத்து நிமிடம் இழுக்கிறது, பாதியிலேயே முடித்திருக்கலாம் என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கே உங்களோடு கடைசிவரை சண்டை போடுவேன். இறந்துபோன ஒருத்தி இரவில் வந்து போவதைப் பற்றிய பாட்டு அது. அவள் சீக்கிரம் போய்விட வேண்டும் என்று பாடுகிறவருக்கு எண்ணம் இல்லை. பாட்டு எப்படி முடியும்?

ஸ்டீல் 2010 ஏப்ரல் 14 அன்று, 48 வயதில் காலமானார். குழு அதோடு கலைந்தது. ஆல்பத்தை ஸ்டீலோடு சேர்ந்து தயாரித்த ஜோஷ் சில்வர் பிறகு இசையை விட்டுவிட்டு, ஆம்புலன்ஸில் உயிர்காக்கும் மருத்துவ உதவியாளராக வேலைக்குப் போனார். இவர்கள் சாவை வேஷமாகக் கட்டிக்கொண்டவர்கள் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரிக்குப் பக்கத்தில் இதையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

'அக்டோபர் ரஸ்ட்' ஆல்பத்துக்கு அடுத்ததாக 1999இல் வந்த 'வேர்ல்ட் கமிங் டவுன்' எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு இப்போது போகாதீர்கள். அதில் சிரிப்பு மிகவும் குறைவு, இருள் அதிகம். மனம் திடமாக இருக்கிற நாளில் கேட்க வேண்டியது. அதற்கு முன் 'அக்டோபர் ரஸ்ட்' ஆல்பத்தை இன்னொரு முறை, இந்தத் தடவை கைபேசியில் வேண்டாம், பேஸ் ஒலி தெளிவாக இறங்குகிற நல்ல ஹெட்போனில் கேளுங்கள். 'கிரீன் மேன்', 'ரெட் வாட்டர்' இரண்டையும் முதலில் போடுங்கள். பிறகு முதல் தடத்திலிருந்து வரிசையாக. அதற்குப் பிறகும் டிரம்ஸ் உறுத்தினால் தயங்காமல் எழுதுங்கள், அச்சிடுகிறேன்.

அன்புடன்,
இசைப் பகுதி எழுத்தாளர்