தொட்டிக்குள் பிறக்கும் சூடு

“டீச்சர், கட்டடம் முழுக்க ஏர்கோன் போட்டுவிட்டால் போதாதா?”

நான்காம் படிவ உயிரியல் வகுப்பில் உயிரணுச் சுவாசம் நடத்தியபோது ஒரு மாணவர் கேட்ட கேள்வி இது. ஆக்சிஜன் இல்லாத நிலையில் யீஸ்ட் சர்க்கரையை எத்தனாலாகவும் கார்பன் டைஆக்சைடாகவும் மாற்றுகிறது. இதுவே நொதித்தல். பீர் ஆலைகளில் லாகர் வகை பீர் ஏறக்குறைய 8 முதல் 14 பாகை செல்சியசுக்குள் நொதிக்கிறது என்று சொல்லியிருந்தேன். ஜொகூர் பாருவில் நண்பகலில் 32 பாகை. பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில், மலாயன் புருவரிஸ் நிறுவனம் 1932இல் டைகர் பீரைத் தயாரிக்கத் தொடங்கியபோதும் இதே வெயில்தான். அந்தக் குளிர் எங்கிருந்து வந்தது? மாணவருக்கு ஏர்கோன் நினைவுக்கு வந்ததில் வியப்பில்லை.

மதுவைப் பற்றி மாணவர் படிக்கும் பக்கத்தில் எழுதலாமா என்று நானும் தயங்கினேன். குடி உடைத்த குடும்பத்துப் பிள்ளைகளை வகுப்பிலேயே பார்க்கிறவள் நான். ஆனால் வெப்பத்தையும் நுண்ணுயிர்களையும் பற்றி நாம் படிப்பதில் ஒரு நல்ல பங்கு பீர் ஆலைகளிலிருந்து வந்தது. வெப்பத்தின் அலகுக்குப் பெயர் தந்த ஜேம்ஸ் ஜூலே மதுவடிக்கும் குடும்பத்துப் பிள்ளைதான்.

சரி, ஏர்கோனுக்கு வருவோம். அது போதாது. சிக்கல் அறையின் சூடு மட்டுமல்ல. தொட்டிக்குள்ளேயே சூடு பிறக்கிறது. யீஸ்ட் சர்க்கரையை உடைக்கும்போது கிடைக்கும் ஆற்றலில் ஒரு பகுதியைத்தான் தன் தேவைக்கு எடுத்துக்கொள்கிறது. மீதி வெப்பமாக வெளியேறுகிறது. 1 கிராம் சர்க்கரை நொதித்தால் அரை கிலோஜூலுக்குச் சற்று அதிகமான வெப்பம் வரும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் பார்லிச் சாற்றில் 80 கிராம் சர்க்கரை நொதிப்பதாக வைத்துக்கொள்வோம். வெளியாகும் வெப்பம் சுமார் 45 கிலோஜூல். ஒரு லிட்டர் நீரை 1 பாகை சூடாக்க 4.2 கிலோஜூல் வேண்டும். 45ஐ 4.2ஆல் வகுத்தால் ஏறக்குறைய 11. வெப்பம் வெளியேற வழியே இல்லை என்றால், 12 பாகையில் தொடங்கிய சாறு 23 பாகையில் போய் நிற்கும். வெளியிலிருந்து துளி வெப்பமும் உள்ளே வராமலே இது நடக்கும்!

“அப்படியானால் நம் ஆய்வுக்கூடக் குடுவையில் ஏன் வெப்பமானி அசையவே இல்லை?” என்று அடுத்த கேள்வி வந்தது. நல்ல கேள்வி. விடை அளவில் இருக்கிறது. பக்கத்துக்கு 10 சென்டிமீட்டர் உள்ள கனசதுரப் பெட்டி ஒரு லிட்டர் கொள்ளும். அதன் மேற்பரப்பு 600 சதுர சென்டிமீட்டர். பக்கத்துக்கு 5 மீட்டர் உள்ள பெட்டி 1,25,000 லிட்டர் கொள்ளும். அதன் மேற்பரப்பை லிட்டர்வாரியாகப் பிரித்தால், ஒவ்வொரு லிட்டருக்கும் 12 சதுர சென்டிமீட்டர்தான் கிடைக்கும். வெப்பம் தப்பிப்போகும் வாசல் ஐம்பதில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. வீட்டில் தோசை மாவுச் சட்டி புளித்தும் சுடாமல் இருப்பதற்கும், தோட்டத்தில் பெரிய உரக்குவியலின் நடுவில் கைவைத்தால் சுடுவதற்கும் இதுவே காரணம்.

குளிர்ந்த காற்று அந்தத் தொட்டியின் சுவரைத் தடவிக்கொண்டு போகலாம். ஆனால் காற்று வெப்பத்தை மெதுவாகத்தான் வாங்கும். அதனால் இன்றைய ஆலைகள் அறையை விட்டுவிட்டுத் தொட்டியையே குளிர்விக்கின்றன. உருக்குத் தொட்டியைச் சுற்றி இரட்டைச் சுவர். அந்த இடைவெளியில் உறையாத கிளைக்கோல் கரைசல் ஓடும். வெப்பமானியும் சாற்றுக்குள்தான் இருக்கும். அறைச் சுவரில் மாட்டிய வெப்பமானி இந்த வேலைக்கு உதவாது.

இத்தனை பாடு எதற்கு? சூடு கூடினால் யீஸ்ட் வேகமாக வேலை செய்கிறது. வேகம் வேகமான வெப்பத்தைத் தருகிறது, அது மேலும் வேகத்தைத் தருகிறது. அந்த அவசரத்தில் எத்தனாலோடு வேறு சில ஆல்கஹால்களும் எஸ்டர்களும் அதிகமாக உண்டாகின்றன. வாழைப்பழ வாசனை தரும் எஸ்டர் அவற்றில் ஒன்று. 40 பாகையைத் தாண்டினால் யீஸ்டே நலிந்து சாகத் தொடங்கும். அதிகக் குளிரும் ஆகாது. யீஸ்ட் தூங்கிப்போய் அடியில் படியும். இதில் எனக்குப் பிடித்த ஒரு நுணுக்கம் உண்டு. நொதித்தல் முடியும் தறுவாயில் லாகர் ஆலைகள் பலவற்றில் வெப்பநிலையைச் சில பாகை வேண்டுமென்றே ஏற்றுவார்கள். வெண்ணெய் வாசனை தரும் டைஅசிட்டைல் என்ற பொருள் அப்போது எஞ்சியிருக்கும். சற்றுச் சூடு கொடுத்தால் யீஸ்டே அதை மீண்டும் உறிஞ்சி வேறு பொருளாக மாற்றிவிடும்.

இயந்திரம் வருவதற்கு முன் மனிதன் காலத்துக்கும் இடத்துக்கும் கட்டுப்பட்டான். ஜெர்மனியின் பவேரியாவில் 1553இல் கோடையில் பீர் காய்ச்சவே தடை விதித்தார்கள். செப்டம்பர் 29 முதல் ஏப்ரல் 23 வரைதான் அனுமதி. குளிர்காலத்தில் வெட்டிய பனிக்கட்டியை நிலவறைகளில் சேமித்தார்கள். இந்தியாவை ஆண்ட ஆங்கிலேயர் கசௌலி, மரி போன்ற மலைகளுக்கு ஆலையைக் கொண்டுபோனார்கள். மரி ஆலை 1860இல் தொடங்கியது. பிறகு 1870களில் கார்ல் வான் லிண்டே என்ற பொறியாளர் மூனிச் நகரின் ஸ்பாடன் ஆலையில் தம் குளிர்பதன இயந்திரத்தைச் சோதித்தார். பின்னர் அம்மோனியாவைப் பயன்படுத்தி அதை மேம்படுத்தினார். நிலநடுக்கோட்டுக்கு அருகில் லாகர் காய்ச்ச முடிந்ததற்கு இத்தகைய இயந்திரங்களே காரணம்.

நம் பக்கத்து மலாய் வீடுகளில் தாப்பாய் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். சோறு அல்லது மரவள்ளியில் ராகி தூவி மூடிவைப்பார்கள். (இது நம் கேழ்வரகு ராகி அல்ல, யீஸ்டும் பூஞ்சையும் கலந்த மாவு வில்லை.) பாடநூலில் நொதித்தலுக்கு இருக்கும் ‘பெனாப்பாயான்’ என்ற மலாய்ச் சொல் இந்தத் தாப்பாயிலிருந்து வந்ததுதான்.

வீட்டிலேயே சோதிக்க விரும்புகிறவர்களுக்கு இரண்டு வெப்பக்குடுவைகள் போதும். ஒவ்வொன்றிலும் அறை வெப்பநிலையில் அரை லிட்டர் நீர், 50 கிராம் சீனி. ஒன்றில் மட்டும் இரண்டு தேக்கரண்டி ரொட்டி யீஸ்ட் சேருங்கள். வெப்பமானியைச் செருகி வாயைப் பஞ்சால் அடைத்து, மணிக்கு ஒருமுறை இரண்டையும் குறியுங்கள். யீஸ்ட் உள்ள குடுவை மற்றதைவிடச் சில பாகை மேலே போகும். அதே கலவையைத் திறந்த கண்ணாடிக் கோப்பையிலும் வைத்தால் வேறுபாடு இன்னும் நன்றாகத் தெரியும். முடிந்ததும் கீழே ஊற்றிவிடுங்கள், குடிப்பதற்கு அல்ல. குடுவையின் மூடியை மட்டும் இறுக்கித் திருகாதீர்கள். பஞ்சுக்குப் பதிலாக நான் ஒருமுறை ரப்பர் அடைப்பானை வைத்தேன். கார்பன் டைஆக்சைடு அதைத் தூக்கி ஆய்வுக்கூடத்தின் கூரையில் அடித்தது. கறை இன்னும் அங்கேதான் இருக்கிறது.