சரக்கு கொடுக்கும் முன் பத்து நிமிடம்

தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும் சரக்கு எடுக்கும் பரபரப்பு தொடங்கிவிடும். முன்பின் தெரியாத மொத்த வியாபாரி வாட்ஸ்அப்பில் விலைப்பட்டியல் அனுப்புவார், பாதி முன்பணம் கேட்பார். நாம் பக்கத்துக் கடையில் போய் "ஆள் எப்படி?" என்று விசாரிப்போம். நல்ல வழக்கம்தான். பக்கத்துக் கடைக்காரருக்கும் அவரைத் தெரியாவிட்டால்? கைப்பேசியிலேயே விசாரிக்கலாம்.

முதலில் அவருடைய பதிவு எண்ணைக் கேளுங்கள். மலேசிய நிறுவன ஆணையமான எஸ்.எஸ்.எம். 2019 அக்டோபர் 11 முதல் 12 இலக்க எண் முறைக்கு மாறியது. பழைய நிறுவனங்களுக்கும் புது எண் உண்டு. முதல் நான்கு இலக்கம் பதிவான ஆண்டு. அடுத்த இரண்டு என்ன வகை என்று சொல்லும்: 01 என்றால் சென்டிரியான் பெர்ஹாட் போன்ற உள்நாட்டு நிறுவனம், 03 என்றால் தனியாள் அல்லது கூட்டு வியாபாரம். "இருபது வருசமா இந்தத் தொழில்ல இருக்கோம்" என்பவரின் எண் 2024 என்று தொடங்கினால் காரணம் கேளுங்கள். தனியாள் வியாபாரத்தை அண்மையில் நிறுவனமாக மாற்றியிருக்கலாம், அதில் தவறில்லை. நேர்மையானவர் உடனே விளக்குவார்.

தொகை பெரிது என்றால் எண்ணோடு நிற்காதீர்கள். எஸ்.எஸ்.எம். இணையத்தளத்தில் அந்த நிறுவனத்தின் விவர அறிக்கையைக் கட்டணம் செலுத்தி வாங்கிவிடலாம். இயக்குநர்கள் யார், பங்கு யாரிடம், செலுத்திய மூலதனம் எவ்வளவு, சொத்தை அடமானம் வைத்து வங்கியில் கடன் வாங்கியிருக்கிறதா, கடைசியாகக் கொடுத்த கணக்கில் லாபமா நட்டமா என்பதெல்லாம் அதில் இருக்கும். உங்களிடம் கடனுக்குச் சரக்கு கேட்பவரையும் இப்படியே விசாரியுங்கள். தனியாள் வியாபாரம் என்றால் பதிவு எப்போது காலாவதியாகிறது என்று பாருங்கள். மாதக்கணக்கில் புதுப்பிக்காதவருக்குக் கடன் சரக்கு கொடுப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

பணம் அனுப்பும் முன் இன்னொரு வேலை. காவல்துறையின் செமாக் மியூல் தளத்தில் வங்கிக் கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் போட்டால், மோசடிப் புகார் பதிவாகியிருக்கிறதா என்று தெரியும். கட்டணம் கிடையாது. நிறுவனத்தின் பெயர் ஒன்று, பணம் போட வேண்டிய கணக்கு வேறொருவரின் சொந்தப் பெயரில் என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். மோசடியில் பணம் போய்விட்டால் தாமதிக்காமல் மோசடிப் புகாருக்கான 997 எண்ணை அழையுங்கள்.

அடுத்தவரைப் பார்ப்பது போல் நம்மையும் பார்த்துக்கொள்ள வேண்டும். "பேங்க்ல என் பேரு பிளாக்லிஸ்ட்" என்று சொல்லிக்கொண்டு கடனுக்கே விண்ணப்பிக்காத கடைக்காரர்கள் பலர். பேங்க் நெகாராவின் சிசிரிஸ் கடன் பதிவேட்டில் அப்படியொரு கறுப்புப் பட்டியலே இல்லை. உங்கள் நிலுவைக் கடன்களும் கடந்த 12 மாதத் தவணை விவரமும் அதில் இருக்கின்றன. இசிசிரிஸ் இணையச் சேவையில் அதை இலவசமாகப் பார்க்கலாம். தவணை தவறியிருந்தால் முதலில் அதைச் சரிசெய்து, ஒழுங்காகக் கட்டிவந்த மாதங்களைச் சேர்த்துக்கொண்டு விண்ணப்பியுங்கள். தெக்குன் நேஷனலின் ஸ்புமி, இந்திய வணிகர்களுக்கென்றே உள்ள கடன் திட்டம். பல வங்கிகளின் திட்டங்களை ஒரே இடத்தில் பார்க்க ஐஎம்எஸ்எம்இ தளம் இருக்கிறது.

சாப்பாட்டுக் கடை நடத்துபவர்கள் உள்நாட்டு வாணிப அமைச்சின் பிரைஸ்கேட்சர் செயலியையும் பாருங்கள். கோழி, வெங்காயம், எண்ணெய் எந்தச் சந்தையில், எந்தப் பேரங்காடியில் என்ன விலை என்று அமைச்சின் அதிகாரிகள் நேரில் சென்று பதிவு செய்கிறார்கள். அதே தரவு டேட்டா டாட் கவ் டாட் மை தளத்திலும் கிடைக்கும். சரக்கு போடுபவர் "எல்லா இடத்திலும் ஏறிப்போச்சு" என்னும்போது அதைத் திறந்து காட்டிப் பேரம் பேசலாம்.

பெரும்பாலான தளங்கள் மலாயிலும் ஆங்கிலத்திலும்தான். தயங்க வேண்டாம். பள்ளிக்குப் போகும் மகளையோ மகனையோ ஒரு மாலை கல்லாப்பெட்டி அருகே உட்கார வைத்தால் கணக்குத் திறந்து கொடுத்துவிடுவார்கள். கடவுச்சொல்லை மட்டும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

இன்றிரவு கடையடைத்த பிறகு கடன் நோட்டை எடுங்கள். அதிகம் பாக்கி வைத்திருக்கும் மூன்று வியாபாரிகளின் பதிவு எண்ணைத் தேடிப் பாருங்கள். நாளைக் காலை யாருக்குச் சரக்கு ஏற்றுவது என்று அதன் பிறகு முடிவெடுங்கள்.